பத்து மணிக்குள்

கூசா என்பார்கள் இங்கே, கைநீளப் பூசணிப் பிஞ்சை.
அதன் பூ பத்து மணி வரைதான் திறந்திருக்கும்.
பிறகு கவுண்டரை மூடிவிடும்.
அதனால் வஃப்ராவில்
விடியுமுன்பே எழுப்பிவிடுகிறார்கள்.

ஆண்பூவைக் கிள்ளு.
இதழை உரி.
நடுத்தண்டில் மஞ்சள் மாவு இருக்கும்,
பெண்பூவுக்குள் விட்டுத் தொட்டு எடு, தேய்க்காதே.
ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்று
மொஃபிஸுல் சொல்லிச் சிரித்தான்,
முதல் வாரம் மட்டும்.
பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதோடு சரி.

என் வேலை ஸ்டோர் கணக்கு.
உரமூட்டை, சொட்டுக்குழாய், கையுறை, கத்தரி.
ஆள் போதவில்லையென்று என்னையும் இறக்கினார்கள்.
மாலையில் நான்தான் எழுதுகிறேன்:
பூ தொட, ஆறு ஆள், நாலு மணி நேரம்,
முடிந்தது ஒன்பது வரிசை.
நாலு பக்கம் முன்னால் திருப்பினால்
அதே பேனா, அதே கையெழுத்து:
தேன்பெட்டி நாற்பது.
வரிசை, எல்லாம்.
கூலி என்ற கட்டத்தில் ஒரு கோடு.

பெட்டிகள் கெய்ரோவிலிருந்து விமானத்தில் வந்தன,
மருத்துவச் சான்றிதழோடு.
நம்மைப் போலவே என்றான் ஒருவன்.
வேண்டாம் அந்த உவமை.
கைதட்டல் வாங்கித் தரும், அவ்வளவுதான்.
நான் ஒருநாளும் ஒரு பூவைத் தேடி
நாலு கிலோமீட்டர் போனதில்லை.

ஜூலையில் ஐம்பதைத் தொட்டது.
எங்கள் அறைக்குப் பின்னால், ஏசி சொட்டும் இடத்தில்
ஒரு பெயிண்ட் வாளி.
அதன் விளிம்பில் வந்து வரிசையாக உட்காரும்.
வயிறு மட்டும் துடிக்கும், குடிக்கும்.
கொண்டுபோய்க் கூட்டுக்குள் பூசி
இறகால் விசிறிக் குளிரவைக்கும் என்றார் ஷௌக்கி,
பெட்டிகளோடு வந்த எகிப்துக்காரர்.
பன்னிரண்டு பேர் தூக்கத்தில் விட்ட மூச்சு அந்தத் தண்ணீர்.
அது அங்கே
ஒரு ராணியின் முட்டைகள்மேல் காய்ந்துகொண்டிருந்தது.
நாங்கள் அறியாமல் செய்த ஒரே நல்ல காரியம்.

வெள்ளிக்கிழமை துவைக்கப் போன லூர்துராஜுக்குக்
கண்ணிமையில் கொட்டியது.
ஆளுக்கொரு கத்தல்.
ஸ்டோர் சாவி என் இடுப்பில்.
இரண்டாம் தட்டு, வெள்ளை மூடி.
வாளியில் ஒரு மூடி ஊற்றினேன்.
கணக்கில் ‘எறும்புக்கு’ என்று எழுதினேன்.

லூர்துராஜின் வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது.

செப்டம்பரில் ஷௌக்கி பெட்டிகளைக் கவிழ்த்துத் தட்டினார்.
தேயிலைத்தூள் போலக் கொட்டியது.
வெயில், என்று ஒரு விரலை மடக்கினார்.
உண்ணி. பக்கத்துப் பண்ணைக்காரன் ராத்திரியில் அடித்த புகை.
நாலாவது விரலை நீட்டியபடியே
கொஞ்ச நேரம் யோசித்தார்.
நான் எதிரில்தான் நின்றிருந்தேன்,
சாவியைக் கையால் மூடிக்கொண்டு,
சத்தம் வராமல்.

ஒரு மூடி மருந்து நாற்பது பெட்டியைக் கொல்லுமா?
கொல்லாது என்றுதான் நினைக்கிறேன்.
நினைத்துக்கொண்டேதான்
குனிகிறேன் ஒவ்வொரு பூவுக்கும்.

விட்டுப்போன பூவின் பிஞ்சு
நுனி மஞ்சளாகி, சுருங்கி, அழுகும்.
பெரிதாக இருப்பதை வெட்டியெடுத்து
மெஸ்ஸில் சாம்பாரில் போடுகிறார்கள்.
நல்லதெல்லாம் லாரியில் போகிறது.
லாரி இப்போது பாதிதான் நிறைகிறது.
ஃபாஹாஹீலில் காய் வாங்குகிற யாரோ ஒருத்தி
விலையைக் கேட்டுவிட்டு
கையிலிருந்த கூசாவைத் திரும்ப வைப்பாள்.
அவளுக்கு என்னைத் தெரியாது.

வாளியைச் சோப்புப் போட்டு ஏழு முறை கழுவினேன்.
உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல் போட்டு
அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.
கொசு முட்டையிடும் என்று சூப்பர்வைசர்
இரண்டு தடவை கவிழ்த்துவிட்டார்.

ஒன்பது ஐம்பது.
கடைசி வரிசையில் இன்னும் முப்பது பூ.
கையிலிருக்கும் தண்டில் மாவு தீர்ந்துவிட்டது.
மொஃபிஸுல், ஒரு ஆண்பூ இருந்தால் எறி.